ஒரு பக்கமே மெல்லலாமா?

ஸ்ரீரங்கமானாலும் சரி, உறையூரானாலும் சரி, கண்ணாடி இல்லாத வீடு இல்லை. அதில் முகம் பார்த்து, "ஒரு பக்கத் தாடை பெரிதாக இருக்கிறதே!" என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு.

எவர் முகமும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சிறு வித்தியாசம் நோய் அல்ல. அதற்காகப் பெண்ணின் திருமணத்தைத் தள்ளிப்போடுவது அறியாமை.

வித்தியாசம் அதிகமானால்? சொத்தைப் பல் ஒரு காரணம். வலிக்கிற பக்கத்தை விட்டு மறு பக்கமே மென்றால், அந்தப் பக்கத் தசை பருக்கும். தூக்கத்தில் பல் கடிப்பதும் தசையைப் பெருக்கும். சிறு வயதில் விழுந்து மோவாயில் அடிபட்டால், தாடை மூட்டு கெட்டு, ஒரு பக்க வளர்ச்சி குன்றலாம்.

சொத்தையைச் சரிசெய்து, இரண்டு பக்கமும் மெல்லப் பழகுங்கள். மெலிந்த பக்கம் பருக்கட்டும் என்று சூயிங்கம் மெல்லாதீர்கள். மூட்டு வலிதான் மிஞ்சும். பல் கடிப்பவர்களுக்கு இரவில் அணியும் பல் உறை உண்டு. எலும்பே கோணியிருந்தால், பெரும்பாலும் வளர்ச்சி முடிந்த பிறகு ஆபரேஷன் செய்வார்கள். கன்னத்தில் புதிதாகக் கட்டி தெரிந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

இவையெல்லாம் மெதுவாக வருபவை. முகம் திடீரென்று கோணினால் கதை வேறு! கை சோர்ந்து, பேச்சும் குழறினால் பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். மந்திரிக்க ஓடாதீர்கள். "விடியட்டும்" என்று இருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். புத்தூர் அரசு ஆஸ்பத்திரி காவிரிக்கு அக்கரையில்தான் இருக்கிறது.

கண்ணாடிக் கவலை காத்திருக்கலாம், பக்கவாதம் காத்திருக்காது!