நகை தெரிகிறது, சேலை தெரிகிறது... ஒப்பனை எங்கே?

போன வாரம் கிள்ளானிலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். வயது 24. அழகுக்கலையில் மலேசியத் திறன் சான்றிதழ் மூன்றாம் நிலை முடித்தவள். வார நாள்களில் காப்புறுதி அலுவலகத்தில் வேலை, சனி ஞாயிறுகளில் மணப்பெண் ஒப்பனை. கையிலிருந்த தட்டைக் கணினியில் தன் வேலைகளை ஓர் ஆல்பமாகத் தொகுத்து வைத்திருந்தாள். மொத்தம் 63 படங்கள்.

"பாக்குறவங்க எல்லாம் அழகா இருக்குன்னுதான் சொல்றாங்க அக்கா. ஆனா புக்கிங் மட்டும் வர மாட்டேங்குது. வேலைய விட்டுட்டு இதையே முழு நேரமா செய்யலாம்னு நெனச்சேன். பயிற்சிக்குக் கட்டுன காசு எப்போ திரும்பி வரும்னு அம்மா வேற கேட்டுக்கிட்டே இருக்காங்க."

ஆல்பத்தைப் புரட்டினேன். படங்கள் உண்மையிலேயே அழகுதான். ஒரு மணப்பெண் மாலை வெயிலில் ஏரிக்கரையில் நிற்கிறாள். முகம் பத்து சென் நாணயம் அளவுக்குத் தெரிகிறது. இன்னொருத்தி குனிந்து மருதாணிக் கையைப் பார்க்கிறாள். மற்றொருத்தியின் நெற்றியை நெற்றிச்சுட்டியும் கன்னத்தை மாட்டலும் மறைத்துவிட்டன. ஒரு படத்தில் தோலில் ஒரு துளை கூட இல்லை; மெழுகு பொம்மைக்குப் பட்டுச்சேலை கட்டியது போல இருந்தது. "இதுல நீ செஞ்சது எதும்மா?" என்று கேட்டேன். "மேக்கப்தான் அக்கா" என்றாள். "அது எங்கே இருக்குன்னு காட்டு" என்றேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு பேசவில்லை.

அவளைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. என் முதல் ஆல்பம் இதைவிட மோசம். தெரிந்த படக்கலைஞர் ஒருவர் அன்பு மிகுதியில் எல்லா முகங்களையும் கணினியில் வழித்தெடுத்துக் கொடுத்தார். நானும் பெருமையோடு அச்சிட்டு வைத்துக்கொண்டேன். அதைப் பார்த்து ஒரு பெண் முன்பணம் கட்டினாள். கன்னம் முழுக்கப் பருத் தழும்புகள் உள்ள பெண். நிறத்தை மறைக்க ஒப்பனையால் முடியும். பள்ளத்தை நிரப்ப முடியாது. அது அன்றைக்கே எனக்குத் தெரியும், ஆனால் என் ஆல்பம் அவளிடம் வேறு மாதிரி சொல்லியிருந்தது. திருமணத்தன்று விடியற்காலை கண்ணாடியைப் பார்த்துவிட்டு அவள் கேட்டது இவ்வளவுதான்: "படத்துல உள்ளவங்களுக்கு மட்டும் எப்படிக்கா அப்படி வந்துச்சு? என் முகத்துலதான் கோளாறா?" அழுதாள். அழ வேண்டாம், மை கரைந்துவிடும் என்றுதான் சொன்னேனே தவிர, பொய் சொன்னது என் படம்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே ஆல்பம் என்பது விளம்பரம் மட்டுமல்ல. "என்னிடம் வந்தால் உனக்கு இது கிடைக்கும்" என்று முன்கூட்டியே கொடுக்கும் வாக்கு.

முதலில் வெளிச்சம். பெரிய விளக்கு எதுவும் வாங்க வேண்டாம். நம் தாமான் வீடுகளில் கார் நிறுத்தும் முகப்பு இருக்கிறதே, அதுவே போதும். நேர் வெயில் படாமல், கூரையின் நிழலில், முகம் வெளியே பார்த்தபடி ஆளை உட்கார வையுங்கள். காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை நல்ல வெளிச்சம் கிடைக்கும். உச்சி வெயில் வேண்டாம். கண்ணுக்குக் கீழே குழி விழும். பக்கத்துச் சுவர் பச்சையாகவோ கூரைத் துணி நீலமாகவோ இருந்தால் அந்த நிறம் முகத்தில் ஏறிவிடும், இடத்தை மாற்றுங்கள். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் வெள்ளை மணிலா அட்டை ஒன்றை மடியில் வைத்துப் பிடிக்கச் சொன்னால் தாடையின் நிழல் குறையும். வளைய விளக்கைப் பலரும் நம்புகிறார்கள். அது முகத்தின் மேடு பள்ளங்களைத் தட்டையாக்கும். நீங்கள் அரை மணி நேரம் செதுக்கிய கன்ன எலும்பு அதில் காணாமல் போகும்.

கைப்பேசியில் எடுத்தாலும் குற்றமில்லை. அழகூட்டும் வடிகட்டி எதுவானாலும் அணைத்துவிடுங்கள். முன்பக்கக் கேமராவில் அது சிலசமயம் தானாகவே வேலை செய்துகொண்டிருக்கும், அமைப்பில் போய்ப் பார்க்க வேண்டும். பின்பக்கக் கேமராவில், இரண்டு மடங்கு பெரிதாக்கி, ஒன்றரை மீட்டராவது தள்ளி நின்று எடுங்கள். மிக அருகில் போனால் மூக்கு பெருத்து, காது பின்னால் ஓடி, முகமே வேறாகத் தெரியும். அதோடு லென்ஸைத் துடையுங்கள். நம் விரலில் எப்போதும் பவுண்டேஷன் எண்ணெய் இருக்கும். அந்தப் பிசுக்கே இலவச வடிகட்டி.

நம்மவர்களின் மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் இன்னொரு சிக்கல் உண்டு. கேமரா தானாக வெளிச்சத்தைக் கணக்கிடும்போது, கறுத்த முகம் சட்டம் முழுக்க நிறைந்திருந்தால் "இருட்டாக இருக்கிறது" என்று எண்ணிக்கொண்டு வெளுப்பாக்கிவிடும். திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து, நேரில் பார்க்கும் நிறம் வந்த பிறகு எடுங்கள். இது இன்றைக்கு நேற்றுத் தோன்றிய கோளாறும் அல்ல. வண்ணப் படச்சுருள் காலத்தில் கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய நிற அளவு அட்டைகளில் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் பல ஆண்டுகள் இருந்தது. 'ஷெர்லி அட்டை' என்றே அதற்குப் பெயர். கறுத்த தோலின் நுணுக்கம் படத்தில் விழவில்லை என்ற குறை தீர வெகு காலம் ஆனது. அதற்கும் சாக்லேட், மர நாற்காலி விற்பவர்கள் தங்கள் பொருளின் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று முறையிட்டது ஒரு காரணம் என்கிறார்கள். மனிதர்களின் முறையீட்டைவிட நாற்காலியின் முறையீட்டுக்கு மதிப்பு! பவுண்டேஷன் கதையும் ஏறக்குறைய இதுதான். 2017இல் ஃபென்டி பியூட்டி ஒரே நேரத்தில் 40 நிறங்களோடு வந்தது பெரிய செய்தியானதற்குக் காரணம், அதுவரை பல நிறுவனங்களின் அடுக்கில் கறுத்த நிறத்தவருக்குச் சில குப்பிகளே இருந்தன என்பதுதான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நம் மணப்பெண்களின் முதல் பயமே "முகம் சாம்பல் பூத்துப் போயிடுமா?" என்பதுதான். கண்ணுக்குக் கீழுள்ள கருமையின் மேல் நேராக வெளிர் நிறத்தைத் தடவினால் சாம்பல்தான் மிஞ்சும். அடியில் ஆரஞ்சு நிறத் திருத்தி போட்டு, மேலே சரியான நிறம் வைத்தால் தோல் தோலாகவே இருக்கும். உங்களுக்கு அது தெரியும் என்பதை ஆல்பம் காட்ட வேண்டும். எப்படி? கழுத்தும் காதும் தெரியும் படம் வையுங்கள். முகமும் கழுத்தும் ஒரே நிறமாக இருக்கிறதா என்றுதான் விவரம் தெரிந்த தாய்மார்கள் முதலில் பார்ப்பார்கள்.

ஒரே ஆளுக்கு நான்கு படம் எடுக்கச் சொல்வேன். ஒப்பனைக்கு முன் ஒன்று. அதே இடம், அதே வெளிச்சம், அதே தூரத்தில் ஒப்பனைக்குப் பின் ஒன்று. முன்படத்தை இருட்டில் எடுத்துவிட்டுப் பின்படத்தை வெளிச்சத்தில் எடுக்கும் தந்திரம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மூன்றாவது, கண் மூடிய நிலையில் இமை மட்டும்: நிறம் கலந்த விதம், மைக் கோடு, ஒட்டிய இமைமுடியின் ஓரம் எல்லாம் அதில் ஒளிய முடியாது. நான்காவது பக்கவாட்டில். நகையெல்லாம் பிறகு போடட்டும். தோளைச் சுற்றி ஒரு கறுப்புத் துணி போதும்.

ஃபிளாஷ் போட்டும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஆல்பத்துக்காக அல்ல, உங்களுக்காக. டைட்டானியம் டையாக்சைடு, ஜிங்க் ஆக்சைடு கலந்த வெயில்காப்புக் களிம்பு, சிலிக்கா அதிகமுள்ள பவுடர் ஆகியவை ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். நேரில் நன்றாக இருந்த முகம் மண்டபப் படங்களில் திருநீறு பூசியது போல வருவதன் காரணம் அதுவே.

இனி, ஆல்பங்களில் நான் காணாத ஒன்று: நேரம். நம் ஊரில் கோயில் திருமணம் என்றால் பெண் விடியற்காலை மூன்று மணிக்கே நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறாள். பிறகு ஓமப்புகை, வியர்வை, தாலி ஏறும் நேரத்துக் கண்ணீர், ஆசீர்வாதம் செய்ய வரும் அத்தைமார்களின் கன்னத்து முத்தங்கள். மூன்று மணி நாற்காலிப் படத்தைவிடப் பதினொரு மணிப் படம்தான் உங்கள் வேலைக்குச் சாட்சி. மூக்கோரம் கொஞ்சம் எண்ணெய் வழிந்திருக்கட்டும், பரவாயில்லை. அடியில் "ஒப்பனை முடிந்தது 4.40, படம் 11.15, இடையில் ஒரு முறை பவுடர் ஒற்றியது" என்று எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி பெறும் நம்பிக்கையை ஏரிக்கரை மாலை வெயில் பெறாது.

மணப்பெண்கள் மட்டுமே இருந்தாலும் போதாது. ஐம்பது தாண்டிய தாயார், இமை தொங்கிய கண், மூக்குக் கண்ணாடி, வெயிலில் பளபளக்கும் மாப்பிள்ளை முகம், மலாய், சீனத் தோழிகள் என்று வெவ்வேறு முகங்கள் வேண்டும். ஆனால் மொத்தத்தில் 15, 20 படங்களுக்கு மேல் போகாதீர்கள். சுமாரான ஒரு படம் நல்ல ஐந்தையும் இழுத்துவிடும். பயிற்சி வகுப்பில் ஆசிரியர் பாதி முகம் செய்து காட்டிய மாடலை உங்கள் வேலையாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்படிப்பட்ட ஒரே முகத்தை மூன்று பேருடைய ஆல்பத்தில் நானே பார்த்திருக்கிறேன்!

அனுமதி விஷயத்தில் நம்மவர்கள் மிகவும் அசட்டை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே போகும். அதாவது பெரும்பாலும் மணமக்கள் வீட்டாருக்கு. சிங்கப்பூரில் 2021 நவம்பர் 21 முதல் அது தலைகீழ். ஒப்பந்தம் வேறு சொல்லாதவரை உரிமை படக்கலைஞருக்கு. ஜோகூரிலிருந்து பாலம் கடந்து உறவினர் திருமணத்துக்குப் போய் ஒப்பனை செய்பவர்கள் இதை நினைவில் வையுங்கள். எந்தப் பக்கமானாலும் முகத்துக்குரிய பெண்ணிடம் கேட்காமல் போடுவது முறையல்ல. ஒப்பனைக்கு முந்திய படத்துக்குத் தனியாகக் கேளுங்கள். "பின்படம் போடலாம், முன்படம் வேண்டாம்" என்பவர்களே அதிகம். அந்த மனசு எனக்குப் புரிகிறது. புலனத்தில் ஒரு வரி சம்மதம் வாங்கி வைத்துக்கொண்டாலும் போதும்.

கிள்ளான் பெண்ணின் 63 படங்களை நானும் அவளும் உட்கார்ந்து கழித்தோம். தேறியவை நான்கு. முகம் சுருங்கிவிட்டது. "புது ஆளுக்கு நான் எங்கக்கா போவேன்?" என்றாள். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அம்மா, பக்கத்து வீட்டுச் சீனத்து ஆன்ட்டி, ஐந்தாம் படிவம் படிக்கும் தம்பி. போதும், போய் எடு என்று அனுப்பினேன்.

நேற்று புலனத்தில் ஒரு படம் வந்தது. அவளுடைய அம்மா. இரண்டு கன்னத்திலும் பல வருட மங்கு. இடப்பக்கத்தை அப்படியே விட்டு, வலப்பக்கத்துக்கு மட்டும் ஒப்பனை செய்திருந்தாள். நடுவில் மூக்கு வழியே நேர்கோடு. கழுத்தும் கன்னமும் ஒரே நிறம். கண்ணோரச் சுருக்கங்கள் அப்படியே இருந்தன, பவுடர் மட்டும் அவற்றில் தேங்கவில்லை. நான் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த செய்தி வந்தது: "இன்னொரு பக்கத்தையும் செஞ்சாத்தான் நாற்காலிய விட்டு எந்திரிப்பேன்னு அடம் பிடிக்கிறாங்க அக்கா. காசப் பத்தி இன்னைக்கு ஒன்னும் கேக்கல."