வண்டி வாசல்: ஸ்ப்ளெண்டர் மேல ஆர்எக்ஸ் டேங்க் உட்காருமா?

‘அப்பாவோட 2012 மாடல் ஸ்ப்ளெண்டரை கஃபே ரேஸரா மாத்திட்டு இருக்கேன். புதுப்பேட்டையில பழைய ஆர்எக்ஸ் 100 டேங்க் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். வாங்கி மாட்டிடலாமா?’ இந்த வாரம் இன்பாக்ஸுக்கு வந்த கேள்வி இது.

மாட்டலாம் ப்ரோ. ஆனா காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி அந்த டேங்க்கைக் கவிழ்த்துப் பாருங்க. மேல இருக்கிற வளைவு, பெயின்ட், ஸ்டிக்கர் எல்லாம் அப்புறம். அடியில ஒரு பள்ளம் ஓடும் இல்லையா, சேஸோட நடு பைப் அதுக்குள்ளதான் உட்காரணும். ஒவ்வொரு கம்பெனி சேஸுக்கும் அந்த அகலமும் ஆழமும் வேற. அதனால முதல்ல உங்க வண்டி டேங்க்கைக் கழட்டி, நடு பைப்போட குறுக்களவை ஒரு அட்டையில வெட்டிக்கோங்க. இக்னிஷன் காயில், வயரிங் எல்லாம் சேர்த்து அளக்கணும். அட்டையைக் கையோட கொண்டுபோய், வாங்கப்போற டேங்க்கோட பள்ளத்துல வெச்சுப் பாருங்க. இடிச்சா, வேற டேங்க் தேடுறதுதான் லாபம். பள்ளத்தைத் தட்டி அகலப்படுத்தித் தர்றோம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. தட்டின இடத்துலதான் பின்னாடி ஒழுகும்.

உங்க வண்டி கார்புரேட்டர் வண்டி. பெட்ரோல் தானா கீழே இறங்கி வரணும். பெட்ரோல் காக், கார்புரேட்டரை விட மேல இருக்கணும். ட்யூப் எங்கேயும் மேலே ஏறி இறங்காம சரிவா வரணும். டேங்க்கோட பின்பக்கத்தை ஸ்டைலுக்காகத் தூக்கி வெச்சா, பெட்ரோல் முன்பக்கம் தேங்கிடும். ஒரு லிட்டர் உள்ளே இருந்தும் வண்டி நிக்கும். (2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ் 6 வண்டிகள்ல பெரும்பாலும் ஃப்யூல் பம்ப்பே டேங்க்குக்குள்ள இருக்கும். அதுல இந்த வேலை வேற கதை.)

மூடியில ஒரு பொடி ஓட்டை இருக்கும், காத்து உள்ளே போறதுக்கு. பழைய மூடியில அது அடைச்சிருந்தா வண்டி கொஞ்ச தூரம் நல்லா ஓடி, திடீர்னு அணையும். மூடியைத் திறந்தா ‘உஸ்’னு சத்தம், உடனே ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக் கார்புரேட்டரைக் கழட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

டேங்க்கை வெச்சதும் ஹேண்டில்பாரை ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்புங்க. கிளிப்-ஆன் ஹேண்டில்னா டேங்க்குக்கும் பாருக்கும் நடுவுல கட்டைவிரல் மாட்டும். யூ-டர்ன்ல இது நடந்தா கீழே விழுறது நிச்சயம்.

இப்போ வெல்டிங். ஸ்ப்ளெண்டர் சேஸ்ல ஆர்எக்ஸ் டேங்க்குக்கான பிடிமானம் இருக்காது. முடிஞ்சவரை சேஸ்ல கிளாம்ப் போட்டு, நடுவுல ரப்பர் புஷ் வெச்சுப் பிடிங்க. டேங்க்லயே பட்டை வெக்கணும்னா, டேங்க் வேலை மட்டுமே பார்க்கிற அனுபவசாலிகிட்ட கொடுங்க. ‘பெட்ரோலைக் கொட்டியாச்சு, காலி டேங்க்தானே’ங்கிற நினைப்புதான் ஆளைக் கொல்லும். பெட்ரோல் நிறைஞ்ச டேங்க்கை விட காலி டேங்க் ஆபத்து. ஏன்னா உள்ளே ஆவியும் காத்தும் கலந்து நிக்குது. ஒரு பொறி போதும், வெடிக்கும். சோப்புத் தண்ணியில பல தடவை கழுவி, அப்புறம் தண்ணியை நிரப்பி, வெல்டு வெக்கிற இடத்துக்கு மட்டும் கொஞ்சம் இடைவெளி விட்டு வேலை செய்வாங்க. பட்டறைக்காரர் இந்தச் சிரமம் எதுவும் இல்லாம டார்ச்சைக் கையில எடுத்தா, டேங்க்கை வாங்கிட்டு வந்துடுங்க. வீட்டு வாசல்ல நீங்களே முயற்சி பண்றது வேண்டவே வேண்டாம்.

வெல்டு முடிஞ்சதும் பெயின்டுக்கு அவசரப்படாதீங்க. தையல் மேல சாக்பீஸ் தூளைத் தடவி, உள்ளே மண்ணெண்ணெய் ஊத்தி ஒரு ராத்திரி வைங்க. ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் காலையில சாக்பீஸ் நனைஞ்சிருக்கும். சூடான இன்ஜினுக்கு மேலே, உங்க தொடைகளுக்கு நடுவுல உட்காரப்போற பொருள் இது. ஒரு ராத்திரி காத்திருக்கலாம், தப்பில்லை.

சட்டத்தையும் சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு முரணா வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செஞ்சது. அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை சிறைன்னு அதே வருஷம் வந்த திருத்தத்துல இருக்கு. ஆர்.சி-யில நிறமும் பதிவாகியிருக்கும். அதனால வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ ஆபீஸ்லயும் இன்ஷூரன்ஸ்காரங்ககிட்டயும் பேசிடுங்க. வண்டி உங்க அப்பா பேர்ல இருந்தா கேஸும் அவர் பேர்லதான் வரும். அவர்கிட்டயும் சொல்லிட்டுச் செய்ங்க.

ஒரிஜினல் டேங்க்கை மட்டும் பழைய இரும்புக்குப் போட்டுடாதீங்க. 2027-ல உங்க வண்டிக்கு 15 வருஷம் முடியுது; ஆர்.சி புதுப்பிக்க வண்டியை ஆய்வுக்குக் காட்டணும், அப்போ அது தேவைப்படும். நல்லாக் கழுவி, வெயில்ல காயவெச்சு, உள்ளே கொஞ்சம் இன்ஜின் ஆயிலை ஊத்திக் குலுக்கி, துணி சுத்தி பரண்ல போடுங்க. கழுவாம போட்டா பெட்ரோல் வாடைக்கே அம்மா அதை வெளியே தூக்கிப் போட்டுடுவாங்க.