கேளிக்கைப் பூங்காவும் நம்ம உடம்பும்

கேளிக்கைப் பூங்காக்காரர்கள் இப்போது சேரிகளைத் தேடி வருகிறார்கள். ராட்டினமும் தண்ணீர்ச் சறுக்கும் மட்டும் போதவில்லையாம். டிக்கெட் வாங்கி உள்ளே வருகிறவன் வரிசையில் நிற்கிற நேரத்தில் அலுத்துப் போகாமலிருக்க 'உயிருள்ள' நிகழ்ச்சி வேண்டும். வாசலில் பறை, மதியம் கரகம், சாயங்காலம் நெருப்பு விளையாட்டு, ராத்திரி கயிற்றில் தொங்கும் சாகசம். எது வேண்டும் எது வேண்டாம் என்று தேர்வு செய்ய ஒரு மேனேஜர், பேரம் பேச ஒரு ஈவென்ட்காரர். ஆடுகிறவனின் பேர் மட்டும் எந்தப் பலகையிலும் இல்லை.

எங்கள் பகுதிக் கலைக்குழு ஒன்றுக்கு இப்படி அழைப்பு வந்தது. ஆறு பேர், அதில் இரண்டு பேர் பெண்கள். தினம் நாலு காட்சி, காட்சிக்கு இருபது நிமிஷம். அடித்துக் காட்டச் சொன்னார்கள். அடித்துக் காட்டினார்கள். பூங்காவின் ஆள் சொன்னாராம்: "சூப்பரா இருக்கு. ஆனா சாவுக்கு ஆடுவீங்கல்ல, அந்த ஸ்டெப்பைப் போடுங்க. ஒருத்தன் பொணமாட்டம் படுத்துக்கட்டும், ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும்." இன்னொன்றும் கேட்டாராம்: "வாயில மண்ணெண்ணெய் வெச்சு நெருப்பு ஊதுவீங்களா? அதுக்குத் தனி ரேட்." பறையைக் காய்ச்ச ஒரு ஓரமாகத் தீ மூட்டிக்கொள்ளலாமா என்று குழுவின் அண்ணன் கேட்டதற்கு மட்டும், "பூங்காவுக்குள்ள நெருப்புக்கு அனுமதி கிடையாது, பிளாஸ்டிக் தோல் போட்டுக்குங்க" என்று பதில் வந்தது. தோலுக்கு நெருப்பு ஆகாது, வாய்க்கு ஆகும்! மண்ணெண்ணெய் மூச்சுக்குழலுக்குள் ஒரு மிடறு இறங்கினால் நுரையீரல் என்னவாகும் என்பதை எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

இந்த விஷயத்தை அண்ணன் நம் தோழர்கள் கூட்டத்தில் கொண்டுவந்து வைத்தார். உடனே இரண்டு கட்சியாகிவிட்டது. ஒரு கட்சி, "பறையை முதலாளி வாசலில் விற்காதே" என்றது. இன்னொரு கட்சி, "எந்த மேடையா இருந்தா என்ன, பறை கேட்டாப் போதும், அதுவே விடுதலைதான்" என்றது. இரண்டு கட்சியோடும் எனக்கு உடன்பாடில்லை.

முதல் கட்சிக்கு முதலில் பதில் சொல்கிறேன். விற்காதே என்று சொன்னவர்களில் பெரும்பாலோர் என்னைப் போல மாசம் பிறந்தால் சம்பளம் கணக்கில் ஏறுகிறவர்கள். ஆடி மாசம் கல்யாணம் கிடையாது, மழை மாசத்தில் திருவிழா கிடையாது. அந்த மாசங்களில் இவர்களுக்கு அடுப்பெரிய வேண்டுமென்றால் மிச்சமிருப்பது ஊர்க்காரன் வீட்டுச் சாவு. அங்கே போதையில் எவனோ, "டேய், நல்லா அடிடா" என்பான். தினக்கூலி உறுதியாகக் கிடைக்கிற இடத்துக்குப் போகாதே என்று சொல்ல, அந்தக் கூலியை ஈடுகட்டாத நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கலையின் புனிதம் பற்றிய பேச்சு ஆதிக்கசாதிக்காரன் பேச்சு. நமக்குக் கலை என்பது வேலையும்தான்.

இரண்டாவது கட்சிக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் சரித்திரம் பேச வேண்டும். கேளிக்கைப் பூங்காவின் சரித்திரத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிலிப்பைன்ஸ் மலைநாட்டு இகோரோட் மக்களைக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தார்கள். மறு வருஷமே ட்ரூமன் ஹன்ட் என்ற அமெரிக்கன் வேறொரு இகோரோட் கூட்டத்தைக் கூட்டிப்போய், நியூயார்க்கின் கோனி தீவில் லூனா பார்க் என்ற கேளிக்கைப் பூங்காவில் குடியமர்த்தினான். சடங்கு நாளில் மட்டும் நாய்க்கறி சமைப்பது அந்த மக்களின் வழக்கம். டிக்கெட் வாங்கிய கூட்டத்துக்கு அது அன்றாடக் காட்சியாக்கப்பட்டது. அவர்களுக்குச் சேர வேண்டிய கூலியைத் திருடிய வழக்கில் ஹன்ட் 1906இல் கைதானான். மேடை கிடைத்ததா? கிடைத்தது. புகழ் கிடைத்ததா? நாடு முழுக்கப் பேப்பரில் வந்தது. ஆனால் எதை ஆடுவது, எப்போது நிறுத்துவது என்கிற ஒரு முடிவும் அவர்கள் கையில் இல்லை. சடங்கைப் பிய்த்தெடுத்துச் சிரிப்புக்கு விற்கிற அதே புத்திதான் நூறு வருஷம் கழித்து நம்ம பசங்களிடம் வந்து, "ஒருத்தன் பொணமா படுத்துக்கட்டும்" என்கிறது.

ஆக, கேள்வி மேடையைப் பற்றியது அல்ல. மேடை ஏறினவன் 'முடியாது' என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதுதான் கேள்வி.

பறை ஏன் இழிவாக்கப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். மாட்டுத்தோலாலா? சத்தத்தாலா? இல்லை. கூப்பிட்டால் வர மாட்டேன் என்று சொல்ல முடியாததால். வர மாட்டேன் என்றவனுக்கு ஊர்விலக்கு, தண்ணீர் நிறுத்தம், வேலை நிறுத்தம், அடி உதை. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று கிராமம் கிராமமாக மறுத்தபோதுதான் அந்த அடிமைத்தனம் உடைய ஆரம்பித்தது. மறுத்த பிறகுதான் பறையை மறுபடி கையிலெடுக்கும் துணிச்சல் வந்தது. 1990களின் தலித் கலை விழாக்கள் அப்படி வந்தவை. பெண்கள் தொடக்கூடாது என்று வைத்திருந்த கருவியைத் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் அடித்து ஆடியதும் அப்படி வந்ததுதான். முடியாது என்று சொல்லத் தெரிந்தவன் 'சரி' என்று சொன்னால்தான் அந்தச் சரிக்கு மதிப்பு.

சாகச நிகழ்ச்சிகளுக்கு இதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். திருவிழாப் பொருட்காட்சிகளில் மரணக் கிணறு பார்த்திருப்பீர்கள். பலகை அடித்த வட்டச் சுவரில் மோட்டார் சைக்கிள் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். வேகம் குறைந்தால் கீழே. மேல் விளிம்பில் நிற்கிறவர்கள் பத்து ரூபாய், ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டுவார்கள். ஓட்டுகிறவன் கைப்பிடியை விட்டுவிட்டு எட்டிப் பறிப்பான். கவனியுங்கள், கூலி வண்டி ஓட்டியதற்கு; அந்த ரூபாய் கையை விட்டதற்கு. கூடுதல் ஆபத்துக்குக் கூடுதல் காசு. இதற்கு 'அவனா விரும்பித்தானே செய்றான்' என்று பேர். நெருப்பு ஊத 'தனி ரேட்' என்றானே, அதுவும் இதேதான்.

இந்த 'விரும்பித்தானே' என்ற வாதம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2010 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் சீவேர்ல்ட் பூங்காவில் ஓர்கா திமிங்கலம் ஒன்று தன் பயிற்சியாளரான பெண்ணை நீருக்குள் இழுத்துக் கொன்றது. அந்த வேலையின் ஆபத்து பயிற்சியாளர்களுக்குத் தெரிந்தது, தெரிந்துதான் வந்தார்கள் என்ற வாதத்தை 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. வேலையிடத்தை ஆபத்தில்லாமல் வைத்திருக்கிற கடமை முதலாளியுடையது, பார்வையாளர் கைதட்டுவதால் அந்தக் கடமை போய்விடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். மூன்று நீதிபதிகளில் ஒருவர், கவனா என்பவர், மாறுபட்டார். விளையாட்டிலும் கேளிக்கையிலும் ஆபத்தை ஏற்பது அவரவர் விருப்பம் என்பது அவர் கட்சி. 2018இல் அவர் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாகிவிட்டார். அந்த வாதம் சாகவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் நாட்டில் சிங்கம், புலி, கரடி, குரங்கு இவற்றை வைத்து வித்தை காட்டக்கூடாது என்று 1998இல் அறிவிக்கை வந்தது. 2001இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைக்கத் தடை விதிக்கும்படி 2011இல் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. இரண்டும் நல்ல காரியம். புலியால் முடியாது என்று சொல்ல இயலாது, குழந்தையாலும் இயலாது, அதனால் சட்டம் அவர்களுக்காகச் சொல்லியது. வயது வந்த கூலிக்காரனால் சொல்ல இயலும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நாளைக்கு அரிசி வாங்க வேண்டியவன் எப்படிச் சொல்வான்?

சாகசமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1901இல் தலச்சேரிப் பக்கத்தில் சிறக்கரையில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் சர்க்கஸ் பள்ளி தொடங்கினார். ஏழை வீட்டுப் பிள்ளைகள் அந்த மரபிலிருந்து உலகம் சுற்றினார்கள். பயிற்சியும் வலையும் கூலியும் பேரும் இருந்தால் ஆபத்து கலையாகிறது. அவை இல்லாமல் போனபோது அதே சர்க்கஸ் உலகத்தில்தான் 2011 தீர்ப்புக்கு அவசியம் வந்தது. நம்ம பக்கத்துக் கழைக்கூத்தாடிகளைப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளின் அட்டவணையில் தொம்பரா என்ற பேரும் இருக்கிறது. 1871இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், ஊர் ஊராகத் திரிந்து பிழைத்த கூட்டங்களையே சந்தேகக் குற்றவாளிகள் என்றது. கம்பத்தில் ஏறுவதும் கயிற்றில் நடப்பதும் தெருவில் செய்தால் பிச்சை, மதிலுக்குள் டிக்கெட் போட்டுச் செய்தால் ஷோ. வித்தை ஒன்றுதான். காசு யார் பெட்டிக்குப் போகிறது என்பதுதான் வித்தியாசம்.

ஆபத்து சாகசக்காரனோடு நிற்பதும் இல்லை. 2016 மே மாதம் தாம்பரம் பக்கத்தில் ஒரு பூங்காவில் புது ராட்டினத்தை ஓட்டிப் பார்த்தபோது விபத்து. ஏறியிருந்தவர்கள் அங்கே வேலை செய்தவர்கள். ஒருவர் செத்துப் போனார். 2025 ஜூலையில் நாகை மாவட்டத்தில் நடந்த படப்பிடிப்பில் கார் சாகசக் காட்சியில் ஒரு சண்டைக் கலைஞர் செத்துப் போனார். யார் எடுத்த படம் என்பதல்ல இங்கே விஷயம். நம்மவர் மேடையென்றாலும் இதே அளவுகோல்தான்.

அப்படியானால் குழு என்ன செய்ய வேண்டும்? போகட்டும். ஆனால் இந்த நிபந்தனைகளோடு போகட்டும்.

ஒன்று: எதை ஆடுவது என்பதைக் குழுதான் முடிவு செய்யும். சாவுக்கூத்தை வேடிக்கையாக்க முடியாது. நம்ம சாவு எவனுக்கும் சிரிப்பல்ல.

இரண்டு: உயிருக்கு ஆபத்தான எதற்கும் 'தனி ரேட்' கிடையாது. பயிற்சியும் வலையும் தீயணைப்பும் இல்லாத சாகசம் எந்த ரேட்டுக்கும் கிடையாது.

மூன்று: எழுத்து ஒப்பந்தம். பணம் குழுவின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், ஈவென்ட்காரர் சட்டைப்பைக்கு அல்ல. கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இருபது வருஷம் ஆடியவரிடம் கடனுக்கு வருமானச் சான்று கேட்டால் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இருப்பதில்லை. கையில் வாங்கிய காசுக்குச் சாட்சி கிடையாது. 'கலைஞர்', 'கௌரவத் தொகை' என்று எழுதுவார்கள். 'தொழிலாளி', 'சம்பளம்' என்று எழுதச் சொல்ல வேண்டும். 1923இல் வந்த இழப்பீட்டுச் சட்டமானாலும் சரி, இன்று அதன் இடத்துக்கு வந்திருக்கிற சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பானாலும் சரி, தொழிலாளி என்றால்தான் திரும்பிப் பார்க்கும். 2007 முதல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது. அதில் பதியாதவர்கள் உடனே பதிய வேண்டும்.

நான்கு: நிழல், குடிதண்ணீர், பெண்களுக்கு உடை மாற்றப் பூட்டுள்ள அறை, பலகையில் குழுவின் பேர்.

ஐந்து: உடம்பு முடியாதவர் இன்று முடியாது என்றால் நாளைய வேலை போகக்கூடாது. மற்ற நாலையும் கொடுத்துவிட்டு இதைக் கொடுக்காவிட்டால் எதையும் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இவற்றை எழுதி அனுப்பியாயிற்று. ஈவென்ட்காரர் போனில் சொன்ன பதில்: "நீங்க இல்லன்னா பக்கத்து ஊரு செட்டு வரும்ணே." உண்மைதான், வரும். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒரு குழுவின் 'முடியாது' அந்தக் குழுவைப் பட்டினி போடும். ஜில்லாவின் எல்லாக் குழுக்களும் சேர்ந்து சொல்கிற 'முடியாது' பூங்காக்காரனைப் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுவரும். பூங்காக்களுக்குச் சுற்றுலா போகிற கல்லூரித் தோழர்கள், வாசலில் ஆடுகிறவர்களின் பேரையும் ஊரையும் கேளுங்கள். பொம்மை உடைக்குள் வெந்துகொண்டிருக்கிற பையனிடம் அவன் சம்பளத்தைக் கேளுங்கள். எழுதிக்கொண்டு வாருங்கள். இயக்கத் தோழர்கள் பக்கத்து ஊர் செட்டுகளுக்கு இந்த மாசமே போய் இந்த ஐந்தையும் வாசித்துக் காட்டுங்கள். பறையை விற்கலாமா கூடாதா என்று அப்புறம் விவாதிக்கலாம். விலையும் நிபந்தனையும் சொல்கிற இடத்தில் முதலில் நாம் உட்கார வேண்டும்.