அன்று களைந்தார், இன்று விற்கிறார்!

1882ஆம் ஆண்டில், டொம் டோர்லினோ என்னும் நவஹோ இளைஞன் அமெரிக்காவின் கார்லைல் விடுதிப் பாடசாலைக்குக் கொண்டுவரப்பட்டான். வந்தபோது எடுத்த நிழற்படம் இன்றும் உளது: நீண்ட கூந்தல், காதிலே குழை, கழுத்திலே மாலை. சில ஆண்டுகளின் பின் எடுத்த படமும் உளது: கத்தரித்த மயிர், மேனாட்டு உடுப்பு. இரண்டையும் அருகருகே வைத்து, காட்டுமிராண்டியை நாகரிகனாக்கிவிட்டதாக மார்தட்டிற்று அப்பாடசாலை.

2011ஆம் ஆண்டில் நடந்ததென்ன? அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம், 'நவஹோ' என்னும் பெயரை உள்ளாடைக்கும் மதுக்குடுவைக்கும் சூட்டி விற்றது. சில விதிவிலக்குகள் ஒழியத் தம் மண்ணில் மதுவிற்பனையைத் தடைசெய்த மக்களின் பெயர் மதுக்குடுவைக்கு! அன்று அணிந்தவன் காட்டுமிராண்டி. இன்று அணிபவன் அழகன். என்னே இவர்தம் நாகரிகம்!

பண்பாடு பொதுச்சொத்து என்பாருளர். ஸ்பானியர் கொணர்ந்த செம்மறியின் உரோமத்தை நவஹோ மக்கள் நெய்யவில்லையா, மெக்சிக்கோக் கம்மியரிடம் வெள்ளிவேலை பயிலவில்லையா என்று வினவுகின்றனர். ஆம், பயின்றனர். ஆனால் தாம் செய்த நகையை அவன் பெயரால் விற்றனரா? கொள்வினையும் கொடுப்பினையும் ஒப்பினார்க்கிடையே நிகழ்வன. ஒப்புதலின்றி எடுப்பதற்குப் பெயர் வேறு. தம் போர்வையையும் நகையையும் பிறர் வாங்குவதை நவஹோ மக்கள் என்றும் மறுத்ததில்லை, விற்றே வாழ்கின்றனர். அவர் மறுப்பது போலியை.

சட்டம் காக்காதா என்பீர். பழங்குடியினர் செய்யாததை அவர் செய்ததாகக் காட்டி விற்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமே. 2012இல் நவஹோ அரசு வழக்குத் தொடுத்தது. 2016இல் நீதிபதி, 'நவஹோ' என்பது சட்டம் வேண்டுமளவு புகழ்பெற்ற வணிகக்குறியன்று என்று கூறி, கோரிக்கைகளுள் சிலவற்றைத் தள்ளினார். புகழில்லாப் பெயரை வணிகன் ஏன் தேடி எடுத்துத் தன் பண்டத்திற் பொறித்தான்? அவ்வாண்டே இரு தரப்பும் இணங்கின. உரிமம் பெற்று, நவஹோ அரசுடன் கூடி நகை விற்க நிறுவனம் உடன்பட்டது. கேட்டுப் பெறுவது இயலாததன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பெயருக்கு இந்த அளவேனும் காப்புண்டு, கோலத்துக்கோ அதுவுமில்லை. பதிப்புரிமைச் சட்டம் ஆக்கியோன் யாரெனக் கேட்கும், காலவரையறை கேட்கும். பாட்டி பேர்த்திக்குக் கற்பித்த நெசவுக்கு ஆக்கியோன் ஒருவனல்லன், காலவரையறையும் இல்லை. ஆகவே அது உடையவரில்லாப் பொருளாம்! நிலத்தைக் கவர்ந்த காலத்துச் சொன்ன நியாயமும் இதுவேயன்றோ?

பழங்குடியினரின் கோலங்கள் மீது அவர்க்குள்ள உரிமையை, 2007ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பிரகடனத்தின் 31ஆம் உறுப்புரை ஒப்புக்கொள்கிறது. அன்று எதிர்த்து வாக்களித்த அமெரிக்கா, 2010இல் ஆதரவு தெரிவித்தது. தெரிவித்த ஆதரவு சட்டமாகட்டும்! சமுதாயம் முழுவதும் உரிமையாளராக நிற்க நீதிமன்று இடந்தரட்டும். இரக்கமன்று அம்மக்கள் வேண்டுவது. தம்முடையதைத் தம்முடையதெனச் சொல்லும் உரிமை!