ஸ்டார்போர்டுன்னா எந்தப் பக்கம்? படகு ஏறும் முன் தெரிஞ்சுக்க வேண்டிய ஒரு வார்த்தை

நோணாங்குப்பம் படகு குழாமில் வார இறுதி என்றாலே கூட்டம்தான். சுண்ணாம்பாற்றில் படகேறி, முகத்துவாரத்தில் இருக்கும் பாரடைஸ் பீச்சுக்குப் போவார்கள். படகில் ஒருவர் முன்னால் பார்த்து உட்கார்ந்திருப்பார், இன்னொருவர் செல்ஃபிக்காகப் பின்னால் திரும்பியிருப்பார். அந்த நேரத்தில் 'வலது பக்கம் வாங்க' என்று யாராவது கத்தினால், யாரோட வலது? ஆளுக்கொரு பக்கம் நகர்ந்தால் சின்னப் படகு ஆடிப்போய்விடும்.

இந்தக் குழப்பத்துக்கு மாலுமிகள் வைத்திருக்கும் தீர்வுதான் 'ஸ்டார்போர்டு'. படகின் முன்பக்கத்தை, அதாவது அணியத்தைப் பார்த்து நின்றால் வலது கை பக்கம் இருப்பது ஸ்டார்போர்டு, இடது பக்கம் 'போர்ட்'. நீங்கள் எப்படித் திரும்பி உட்கார்ந்தாலும் இது மாறாது. இது படகோட வலது, உங்களோடது இல்லை.

பேரில் 'ஸ்டார்' இருந்தாலும் நட்சத்திரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டியோர்' என்றால் சுக்கான், 'போர்டு' என்றால் கப்பலின் பக்கம். அந்தக் காலத்து வட ஐரோப்பியக் கப்பல்களில் சுக்கான் பின்னால் நடுவில் இல்லை. வலது ஓரத்தில் ஒரு பெரிய துடுப்பாகத் தொங்கியது. அதனால் வலது, சுக்கான் பக்கம் ஆனது. துறைமுகத்தில் அந்தத் துடுப்பு இடிபடாமல் இருக்க, கப்பலை இடது பக்கமாகக் கரையில் அணைத்தார்கள். அதனால் இடது பக்கத்துக்கு 'போர்ட்'.

அதற்கு முன் இடது பக்கத்துக்கு 'லார்போர்டு' என்றுதான் பேர். புயல் இரைச்சலில் லார்போர்டு எது, ஸ்டார்போர்டு எது என்று எப்படிப் பிரித்துக் கேட்பது? 1844-ல் பிரிட்டிஷ் கடற்படை அந்த வார்த்தையையே தூக்கிவிட்டது. புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களுக்கு இது 'த்ரிபோர்', 'பாபோர்'. இரண்டுமே டச்சுக்காரர்களிடம் வாங்கிய கடன். கீழ் என்பதிலிருந்து கிழக்கு, மேல் என்பதிலிருந்து மேற்கு என்று நிலச் சரிவைப் பார்த்துத் திசைக்குப் பேர் வைத்த நமக்கு, சுக்கானைப் பார்த்துப் பேர் வைத்தது ஒன்றும் விசித்திரமில்லை.

டைட்டானிக் கதையில் இதே வார்த்தை பலரைக் குழப்பும். 1912-ல் பனிப்பாறையைப் பார்த்ததும் வந்த உத்தரவு ஸ்டார்போர்டு. கப்பல் திரும்பியதோ இடது பக்கம். தவறு எதுவும் நடக்கவில்லை. சுக்கானின் கைப்பிடியை எந்தப் பக்கம் தள்ளணும் என்று சொல்வதே அன்றைய வழக்கம், கப்பல் அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பும். 1930-களில்தான் இந்த முறை மாறியது.

இந்தியா வந்துபோன பணக்கார வெள்ளைக்காரர்கள் நிழல் விழும் அறைக்காக 'போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்' என்று டிக்கெட் எடுத்தார்கள், அதன் சுருக்கம்தான் 'போஷ்' என்று வாட்ஸ்அப்பில் சுத்தும் கதைக்கு ஆதாரம் இல்லை. அப்படி முத்திரை குத்திய ஒரு டிக்கெட்கூட இதுவரை கிடைக்கவில்லை.

நமக்கு நிஜமான சிக்கல் வேறு. கடலூர் ரோட்டில் இடது பக்கம் போய்ப் பழகிய கை, எதிரே ஆள் வந்தால் தானாக இடது பக்கம் ஒதுங்கும். தண்ணீரில் விதி தலைகீழ். 1972-ம் ஆண்டு சர்வதேச விதிகளின்படி, குறுகிய வழியில் ஸ்டார்போர்டு ஓரமாகத்தான் போகணும். நேருக்கு நேர் வரும் இரண்டு இயந்திரப் படகுகளும் ஸ்டார்போர்டு பக்கம்தான் திரும்பணும். ஒருவர் வலதும் இன்னொருவர் இடதும் போனால் மோதல்தான். தானே படகு ஓட்ட வருபவருக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டும்போதே இந்த ஒரு வரியையும் சொல்லிவிடலாம்.

இருட்டில் விளக்கைப் பாருங்கள். ஸ்டார்போர்டுக்குப் பச்சை, போர்ட்டுக்குச் சிவப்பு. விமானத்தின் இறக்கைகளிலும் இதே நிறங்கள்தான். எதிரே பச்சையும் சிவப்பும் சேர்ந்து தெரிந்தால், அந்தப் படகு நேராக உங்களை நோக்கித்தான் வருகிறது.