சொல்லும் பொருளும்: ஒட்சாலிக்கமிலம்

இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட சொல் ஒட்சாலிக்கமிலம். மாணவர்க்கு இது கடுஞ்சொல்லாகத் தோன்றலாம். பொருளோ நம் முற்றத்துப் புளியாரையிலேயே உளது. புளியாரை இனத்துக்குத் தாவரவியலார் இட்ட பெயர் ஒட்சாலிசு. அது புளிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிற் பிறந்தது. அவ்விலைப் புளிப்பின் அமிலமும் அப்பெயரையே பெற்றது. சீனியிலிருந்து தாம் ஆக்கிய அமிலமும் இதுவும் ஒன்றே எனச் சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் சீலே 1784இல் காட்டினார்.

துருக்கறையும் மைக்கறையும் போக்க இதன் பளிங்குகள் உதவும். ஆயினும் இலையில் சிறிதளவாய்க் கலந்திருப்பது வேறு. பளிங்காய்த் திரண்டிருப்பது வேறு. பின்னையது நஞ்சு, பார்வைக்குச் சீனி போன்றது. ஆதலின், புளியாரைத் துவையலை அளவோடு உண்போம். பளிங்குப் போத்தலுக்குப் பெயர் எழுதி ஒட்டி, பிள்ளைகள் கைக்கெட்டாது பூட்டிவைப்போம்.