நகல் எடுத்தால் மட்டும் போதுமா?

ஆம்பூரில் தோலைப் பூட்டி வைக்காத முதலாளி உண்டா? கிடங்குக்குப் பூட்டு. வாசலில் காவல்காரர். தையல் மிஷினுக்கு இன்ஷூரன்ஸ். ஆனால் அந்தத் தோலின் கணக்கும், தைத்தவர்களின் கூலியும், ஏற்றுமதிக் காகிதங்களும் எதில் இருக்கின்றன? மேஜைக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும் ஒரு கம்ப்யூட்டரில்! அதற்கு என்ன காவல்?

"நகல் எடுத்து வைத்திருக்கிறோமே!" என்று பதில் வரும். அந்தப் பதில் போதாது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் பெரிய ஆலைகள் மட்டும் இல்லை. ஷூவின் மேல் பாகத்தை, அதாவது 'அப்பரை', கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறைகளும் உண்டு. தைப்பவர்களில் பெண்கள் ஏராளம். யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எத்தனை ஜோடி தைத்தார், முன்பணம் எவ்வளவு வாங்கினார் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. சம்பள நாளன்று அது கண் விழிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளிக்கு நஷ்டம்தான். ஆனால் அரிசி வாங்கக் காசில்லாமல் வீடு திரும்புகிறவர் யார்? தைத்தவர்தான்!

இலவசமாக வந்த லினக்ஸ்

கம்ப்யூட்டரை இயக்குவதற்கு அதற்குள் ஒரு மூல ஏற்பாடு வேண்டும். விண்டோஸ் அப்படி ஒன்று. லினக்ஸ் இன்னொன்று. 1991-ம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது இது. காசு கொடுக்காமலே யாரும் பயன்படுத்தலாம்.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் 'பாஸ்' என்ற லினக்ஸை உருவாக்கியது. 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் அந்த 'பாஸ்' வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. அன்று பிளஸ்-டூ படித்த பிள்ளைகள் இன்று முப்பது வயதைத் தொட்டுவிட்டார்கள். சிறு பட்டறைக்காரர் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால் அது புத்திசாலித்தனமே. ஆனால் இலவசமாக வந்தது என்பதற்காக அலட்சியமாக இருக்கலாமா?

சரக்கு உண்டு, சாவி இல்லை

நகலில் இரண்டு வகை உண்டு. கணக்குகளை மட்டும் பென் டிரைவில் போட்டு வைப்பது ஒரு வகை. பெரும்பாலோர் செய்வது இதுதான். ஹார்டு டிஸ்க் கெட்டால் கணக்கு பிழைக்கும், கம்ப்யூட்டர் எழாது. புது டிஸ்க் வாங்க வேண்டும். லினக்ஸைப் புதிதாக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு வேலைக்குமான புரோகிராம், பிரிண்டர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் மறுபடி அமைக்க வேண்டும். அதற்குள் நாள் போய்விடும். சரக்கு இருக்கிறது, கடையைத் திறக்கச் சாவி இல்லை!

காரணம் இதுதான். சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் டிஸ்கில் ஒரு சிறு புரோகிராமைத் தேடுகிறது. அதுதான் லினக்ஸைத் தட்டி எழுப்புவது. பைல்களை இழுத்துப் போட்டு நகல் எடுத்தால் அது கூட வராது. முழு டிஸ்கையும் அப்படியே படி எடுத்தால் வரும். பழைய டிஸ்கைக் கழற்றி நகலை மாட்டினால் கம்ப்யூட்டர் அதிலிருந்தே எழுந்துவிடும். இது இரண்டாம் வகை.

இதற்குத் தைவான் நாட்டில் உருவான 'குளோன்சில்லா' என்ற இலவசப் புரோகிராம் இருக்கிறது. அதைப் பென் டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரை அந்தப் பென் டிரைவிலிருந்தே கிளப்ப வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் தையல் மிஷினில் யாராவது ஊசி மாற்றுவார்களா? அதுபோல, டிஸ்க் சும்மா இருக்கும்போதுதான் அதைப் படி எடுக்க வேண்டும். புது டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது.

இங்கே ஓர் ஆபத்து. எதிலிருந்து எதற்கு என்று கம்ப்யூட்டர் கேட்கும். மாற்றிச் சொல்லிவிட்டால், வெற்று டிஸ்க் நல்ல டிஸ்கின்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். எல்லாம் போச்சு! அவசரத்தில் இந்த வேலையைத் தொடாமல் இருப்பதே மேல்.

சினிமா தப்பிய கதை

எடுத்த நகல் வேலை செய்கிறதா? இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் பிக்சார் கம்பெனி 'டாய் ஸ்டோரி 2' என்ற கார்ட்டூன் படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது. 1998-ல் யாரோ கொடுத்த ஒரு தவறான கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்துபோனது. "பரவாயில்லை, நகல் இருக்கிறது" என்று எடுத்துப் பார்த்தார்கள். அது சரியாக எழுதப்படவே இல்லை! அங்கே வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற பெண்மணிக்கு அப்போது கைக்குழந்தை. வீட்டிலிருந்தே வேலை செய்வதற்காகப் படத்தின் பிரதி ஒன்றை அவர் வீட்டில் வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைக் கம்பளியில் சுற்றிக் காரில் கொண்டுவந்தார்கள். படம் பிழைத்தது. 1999-ல் வெளிவந்தது.

அவ்வளவு பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி. ஒரு பட்டறை வேறு எதை நம்பும்?

ஆகவே, ரிப்பேர்க்காரர் "எடுத்துவிட்டேன்" என்றதும் காசை நீட்டக் கூடாது. பழைய டிஸ்கைக் கழற்றச் சொல்ல வேண்டும். நகலை மட்டும் மாட்டி சுவிட்சைப் போடச் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒன்றாக விட்டு வைத்தால், எழுந்தது பழையதா புதியதா என்று தெரியாது. இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றே என்பதால் கம்ப்யூட்டரே குழம்பும். சம்பளப் பட்டியல் திறந்து, ஒரு காகிதம் அச்சாகி வெளியே வந்தால்தான் அது நகல்.

அந்த நகலை எங்கே வைப்பது? அதே மேஜை டிராயரில் வைத்தால் தீயோ தண்ணீரோ இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். 1903-ல் பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியைப் பாழாக்கியது. 118 ஆண்டுகள் கழித்து, 2021 நவம்பரில் பாலாறு மறுபடி பெருக்கெடுத்தது. நகல் வேறு வீட்டில், மேல் தட்டில் இருக்கட்டும். அதில் தொழிலாளிகளின் ஆதார் எண்ணும் பாங்கிக் கணக்கும் இருப்பதால் பூட்டோடு இருக்கட்டும்.

மாதம் ஒரு முறை முழு டிஸ்கின் நகல் போதும். நடுவில் ஏறும் கணக்குக்குத் தினமும் சாயங்காலம் பென் டிரைவ். டிஸ்கின் மேல் தேதி எழுதி ஒட்ட மறக்கக் கூடாது. எழுப்பிப் பார்த்த தேதியையும் சேர்த்து.